பாலத்திலிருந்து விழுந்த விதவை

"என் விதவைக்கு ஏன் முட்டி தெரியுது?" என்று கேட்டார் எழுத்தாளர் மதாம் எர்மான்ஸ்.

ஒனெசிம் தலையைத் தூக்கினான். பாரிசில் பக்தியுள்ள குடும்பங்கள் வாங்கும் ஒரு நாளிதழில், தொடர்கதைகளுக்குச் சுவரொட்டி போடும் பொறுப்பு அவனுடையது.

"சுவர் பூரா என் நாவல் பேரு. மேல இருக்கற படத்துல ஒருத்தி முட்டி தெரிய பாலத்துலேர்ந்து விழறா. பின்னாடி ஒருத்தன் கையை நீட்டிட்டு நிக்கறான். என் கதையில பாலமே கிடையாது முசியே. முட்டிவலின்னு என் விதவை வீட்டை விட்டே கிளம்ப மாட்டா."

ஒனெசிம் ஜன்னல் வழியே எதிர்ச் சுவரைப் பார்த்தான். எல்லாம் அவர் சொன்னபடியேதான் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் அவன்தான். கையெழுத்துப் போட்டான், பார்க்கத்தான் இல்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

ஓவியரிடம் ஓடினான்.

"நாவலை எவன் படிச்சான்? சொல்றதை வரையறேன், அவ்வளவுதான். வாரா வாரம் யாரையாவது பாலத்துலேர்ந்து தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். எது யாருதுன்னு எனக்கென்ன தெரியும்?" என்றார் ஓவியர்.

அந்த ஆளை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. ஒனெசிம் திரும்பி வந்தான்.

"மதாம், இனிமே படத்தை மாத்த முடியாது. முதல் அத்தியாயம் நாளைக்குத்தானே வருது. கதையை மாத்திடுங்களேன்."

மதாம் எர்மான்ஸ் அவனை வைதுகொண்டே பேனாவை எடுத்தார்.

"தள்ளறது யாரு?"

"கதையில ஆம்பளை யாரு இருக்கா?"

"பாதிரியார் மட்டும்தான்."

"அப்போ அவரே தள்ளட்டும்."

"படத்துல இருக்கறவன் உடம்பெல்லாம் கோடு போட்ட துணி."

"ஜெயில்லேர்ந்து தப்பிச்சு வந்து பாதிரியானவர்னு எழுதிடுங்க."

"விழறவ சிரிச்சுக்கிட்டே விழறாளே?"

ஒனெசிம் நெற்றியைத் தேய்த்தான். "பைத்தியம்னு வெச்சுக்கலாம்."

"முதல் நாளே கதாநாயகி பைத்தியமாகிச் செத்துப்போனா, மீதிக் கதைக்கு நான் எங்கே போறது?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம் மதாம்."

மறுநாள் காலை இதழ் வெளிவந்தது. மதியத்துக்குள் அலுவலக வாசல் பூரா கறுப்பு அங்கிப் பாதிரியார்கள். பாதிரியாரைக் கொலைகாரனாக்கிய பத்திரிகை எங்கள் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கும் வரக்கூடாது என்றார்கள்.

முதலாளி முகம் சிவந்து இறங்கி வந்தார். "யாருய்யா இப்படி எழுதச் சொன்னது?"

"இவர்தான்," என்றார் மதாம் எர்மான்ஸ், கொஞ்சமும் தயங்காமல்.

"படத்துக்குத் தகுந்த மாதிரி..." என்று ஒனெசிம் இழுத்தான்.

"படமா? படத்துக்காகவா ஒரு பாதிரியாரைக் கொலைகாரனாக்கினே?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு படத்தைப் பார்க்காமல் விட்டதற்கு இவ்வளவு பாடா?

அப்போது பசை வாளியோடு, சுவரொட்டி ஒட்டும் பாபிலாஸ் கும்பலை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கக்கத்தில் ஒரு கட்டுத் தாள் இருந்தது.

"முசியே ஒனெசிம், நேத்து அச்சகத்துலேர்ந்து உங்க நாவல் பேருத் தாள் மட்டும்தான் வந்துச்சு, படத் தாள் இப்பத்தான் குடுத்தாங்க, ஒரு வயசான அம்மா பாதிரியார் பக்கத்துல உட்கார்ந்து ஜெபம் பண்ற படம், நான் பாட்டுக்கு எதிர்ச் சுவர்ல இருந்த நீச்சல் பள்ளி விளம்பரத்துக்குக் கீழ உங்க நாவல் பேரை ஒட்டிட்டேன், இப்ப இதை அந்த நீச்சல் பள்ளிப் படத்து மேலயே ஒட்டிடட்டுமா?"