ஸ்தாபகருக்கு ஒரு நிமிடம்

என் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்கக் கூடாது. இதை என் குடும்பத்தில் எல்லோரும் அறிவார்கள். அறியாதிருந்தவர்கள் சுவிசின் துன் ஏரிக்கரையில் இருந்த ஒரு கரவன் உரிமையாளர் கழகத்தினர் மட்டுமே. இப்போது அவர்களும் அறிவார்கள்.

கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு. இழுத்துக்கொண்டு போவதற்காகத்தான் சக்கரம் வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அந்தக் கழகத்தின் கரவன்கள் பெரும்பாலானவற்றின் சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்து, வெட்டி, மறுபடி முளைத்திருந்தது. கொழுவுகிற இரும்பின் மேல் ஜெரேனியம் பூச்சட்டி. சுற்றிவர வேலி, வேலிக்குள்ளே சிவப்புத் தொப்பி போட்ட சீமெந்துக் குள்ளன். உரிமையாளர்களின் நிரந்தர வீடுகளோ பதினைந்து நிமிடத் தூரத்தில். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டைப் பூட்டிவிட்டு, அடுத்த பேருந்துத் தரிப்பிடத்துக்கு வருவதுபோல வந்து, "சுதந்திரம்" என்று பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாய்வார்கள். அந்தச் சுதந்திரத்துக்கு நாற்பத்து மூன்று விதிகள் இருந்தன. உடுப்புக் காயப்போடும் கயிற்றின் உயரம் பதினெட்டாவது விதி.

இந்தக் கூட்டத்துக்குள் நாங்கள் எப்படி நுழைந்தோம்? அப்பா முப்பது வருடமாக ஒரு ஹொட்டல் குசினியில் வேலை. அங்கே தலைமைச் சமையற்காரர் ஓய்வு பெற்றபோது, தன் பழைய கரவனை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். மண்ணிறக் கோடு போட்ட, உள்ளே எப்போதும் வெங்காய சூப் மணக்கிற பெட்டி. அப்பாவுக்கோ சொர்க்கம் கிடைத்த மாதிரி. அகதி முகாம், ஹொட்டல் மாடியில் நாலு பேர் படுக்கும் அறை, பிறகு நாலாம் மாடி வீடு என்று வாழ்ந்த மனிதர். கதவைத் திறந்தால் கால் புல்லில் பட வேண்டும், சத்தம் என்று கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் கூரையை இடிக்கக் கூடாது. இவ்வளவுதான் அவருடைய ஆசை.

கரவனைக் கொண்டுவந்து எங்கள் தொடர்மாடியின் பின்முற்றத்தில் நிறுத்தினார். மூன்றாம் கிழமை வெர்வால்ட்டுங் என்கிற வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது: அகற்றவும், இல்லாவிட்டால் அகற்றப்படும். ஏரிக்கரையில் இடம் வேண்டுமென்றால் கழகத்தில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினராக, ஒரு கோடை முழுவதும் தற்காலிகமாக இருந்து நல்ல பிள்ளை என்று காட்ட வேண்டும். கடைசியில் பொதுக்கூட்டத்தில் எல்லோரும் கை உயர்த்தி வாக்களிப்பார்கள். தோற்றால் கரவன் நேரே பழைய இரும்புக்கு.

கழிப்பறைக்குப் பக்கத்தில் தற்காலிக இடம் தந்தார்கள். அப்பா அந்தக் கோடை முழுவதும் கயிற்றின் உயரத்தை அளவுநாடாவால் அளந்தார். அம்மா மீன் பொரிப்பதை நிறுத்தினாள். (எங்கள் வீட்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய தியாகம் பதிவாகவில்லை.) எல்லாம் வடிவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் உதவிக்கு வந்தேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பேர்னில் பல்கலைக்கழகத்தில் வரலாறு இரண்டு அரையாண்டு படித்திருந்தேன். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். அதற்கும் மேலாக, பத்து வயதிலிருந்து தமிழ்ப் பள்ளி விழாக்களில் அறிவிப்பாளர். "அடுத்து மேடையை அலங்கரிக்க இருப்பது" என்று நான் தொடங்கினால் மண்டபத்தின் கடைசி வரிசைக் குழந்தையும் அழுகையை நிறுத்தும் என்று அம்மா சொல்வாள். (பயத்தில் என்று இப்போது விளங்குகிறது.)

அந்தப் பொதுக்கூட்டம் கழகத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவும்கூட. செயலாளர் ஃபிராவ் கெர்பர், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கும் அறுபது வயதுப் பெண்மணி, "கழகத்தின் வரலாறும் ஆன்மாவும்" பற்றி யாராவது பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டாள். இரண்டு கிழமை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. ஐம்பது வருடம் அங்கே இருந்தவர்களுக்கே அந்த வரலாற்றைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்பது புத்தியுள்ள ஒருத்திக்கு ஒரு செய்தியாக இருந்திருக்கும். நான் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன்.

கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் இருபத்தெட்டையும் வாசித்தேன். அரை நூற்றாண்டு வரலாறு: மழை பெய்தது. சொசேஜ் போதவில்லை. கழிவுநீர்க் குழாயில் யாரோ உருளைக்கிழங்குத் தோல் போட்டார்கள். யார் என்று கண்டுபிடிக்கக் குழு அமைக்கப்பட்டது. குழு அறிக்கை தந்தது. மறுபடி மழை பெய்தது. இதில் ஆன்மா எங்கே இருக்கிறது என்று தேடி நான் கடைசியில் கண்டுபிடித்தது ஸ்தாபகரை.

கழகக் கூடத்தின் சுவரில் அவருடைய படம் மாட்டியிருந்தது. கறுப்பு வெள்ளை, வாயில் பைப், ஒரு கால் கரவனின் கொழுவும் இரும்பின் மேல். சட்டத்தின் மூலையில் காய்ந்த எடல்வைஸ் பூங்கொத்து. பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு, இரவு பகலாக எரிந்தபடி. படம், பூ, விளக்கு. எங்கள் வீடுகளில் இந்த மூன்றும் ஒரு சுவரில் சேர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். (விளக்கு கீழே தொங்கிய காற்றழுத்தமானியை வாசிப்பதற்காக. அதைப் பிறகு சொன்னார்கள். எல்லாவற்றையும் பிறகுதான் சொன்னார்கள்.)

ஆதாரம் வேண்டாமா? இருந்தது. பத்தொன்பதாவது புத்தகத்துக்குப் பிறகு அவருடைய பெயர் ஓரிடத்திலும் இல்லை. அந்தக் கோடை முழுவதும் நான் அவரைக் கண்டதும் இல்லை. இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சை முடிந்து லோசானில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெயர் ஏன் மறைந்தது? அந்த வருடம் ஃபிராவ் கெர்பருக்கும் அவருக்கும் ஒரு வேலி விஷயமாகக் கோபம். அதற்குப் பிறகு அவர் கூட்டத்தில் எவ்வளவு கத்தினாலும் அவள் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒரு ஆளையாவது கேட்டிருக்கலாம். வரலாறு படிக்கிறவள் ஆட்களைக் கேட்பாளா?

பத்து நிமிடத்துக்குப் பத்தொன்பது பக்கம் எழுதினேன். ஸ்தாபகர் முதலாவது கரவனைப் பனிப்புயலில் மலைக்கணவாய் தாண்டி இழுத்துவந்ததாக எழுதினேன். குறிப்புப் புத்தகத்தில் புயல் இல்லை. ஆனால் புயலில்லாமல் ஒரு ஸ்தாபகரா?

அன்று வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றதும் நான்தான். (அது யாரும் கேட்காமல் நானாக எடுத்த பொறுப்பு.) ஊன்றுகோலுடன் ஒரு முதியவரும் அவருடைய மனைவியும் வந்தார்கள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மூன்றாம் வரிசையில் இருத்தி, கோப்பியும் கொண்டுவந்து கொடுத்தேன். அங்கே எல்லோரும் சுவிஸ் ஜெர்மன்தான் கதைத்தார்கள். எனக்கு நினைவில் வருவது தமிழில்தான்; அவர்கள் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ஆட்கள்போல ஒலித்தால் குற்றம் என்னுடையது.

"கழிப்பறைக்குப் பக்கத்தில மண்ணிறக் கோடு போட்ட பெட்டி ஒண்டு நிக்குது. அது உங்கடையோ?" என்று முதியவர் கேட்டார்.

ஓம் என்றேன், பெருமையாக.

"இருவது வருசத்துக்கு மேல பழசு. அப்பிடியானதுகள உள்ள விடக்கூடாது எண்டு நான் எப்பவும் சொல்லுறனான். நான் எதிர்த்துத்தான் போடுவன், பிள்ளை. உங்களில கோவமில்லை."

அதைச் சிரித்தபடி சொன்னார். நானும் சிரித்தபடி கேட்டுவிட்டு, இன்று ஸ்தாபகரைப் பற்றி நான்தான் பேசுகிறேன் என்றேன். கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லாச் சொல்லும். அவர் பெரிய ஆள்."

பக்கத்தில் இருந்த மனைவி கோப்பிக் கோப்பைக்குள் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

சுவிசில் நடக்கும் எங்கள் தமிழ் நிகழ்வு எதற்காவது போயிருந்தால், அது எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள் கொண்டாட்டம் தவிர்ந்த எதுவும் போரில் இறந்தவர்களுக்கான ஒரு நிமிட மௌனத்தோடுதான் தொடங்கும். பேச்சுப்போட்டிக்கு எழும்பி நின்றிருக்கிறோம், உதைபந்தாட்டத்துக்கு எழும்பி நின்றிருக்கிறோம். மௌனம் இல்லாமல் ஒரு விழா தொடங்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. ஆகவே ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்களை விட்டுப் பிரிந்தவருக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்" என்று ஜெர்மனில் சொன்னேன்.

சுவிஸ்காரர் கட்டளைக்குக் கீழ்ப்படிவார்கள். ஏன் என்று பிறகு கேட்பார்கள். நாற்பத்து நான்கு உறுப்பினர்களும் எழும்பினார்கள். யார் செத்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தலையைக் குனிந்தபடி ஓரக்கண்ணால் வரிசைகளில் ஆளை எண்ணுவதை நான் கண்டேன். துயரம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வரிசை முதியவர் ஊன்றுகோலில் பாரம் போட்டு எழும்ப முயன்றார். ஓடிப்போய்க் கைகொடுத்து நிமிர்த்திவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அறுபது செக்கன். கைபேசியில் பார்த்து எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. பின்வரிசையில் அப்பாவும் அம்மாவும் கோயிலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்கள்.

பிறகு சுவரைத் திரும்பிப் பார்த்து, கையை நீட்டி, காலஞ்சென்ற எங்கள் ஸ்தாபகரின் ஆன்மா இந்த ஏரிக்கரையில் அமைதியாக உறங்கட்டும் என்றேன். பெயரையும் முழுதாகச் சொன்னேன்.

முதியவர் மனைவியின் பக்கம் குனிந்தார். காது கொஞ்சம் மந்தம்.

"ஆரெண்டு சொல்லுது?"

"நீர்தான்," என்றார் மனைவி.

நான் படத்தைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அதே மூக்கு. பைப்பை மட்டும் யாரோ எடுத்துவிட்டு, ஐம்பது வருடத்தைச் சேர்த்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் இரண்டாவது மௌனம் ஒன்று நிலவியது. முதலாவதைவிட நீளமாகவும் உண்மையாகவும் இருந்தது. அதைக் கலைத்தது மனைவியின் சிரிப்பு. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வரச் சிரித்தார்.

வேறு எந்த நாட்டிலும் அத்தோடு என்னை மேடையால் இறக்கியிருப்பார்கள். இங்கே நிகழ்ச்சிநிரலில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. தலைவர் தொண்டையைச் செருமி, தொடரும்படி சொன்னார். நானும் தொடர்ந்தேன். செத்த மனிதருக்காக எழுதிய பத்தொன்பது பக்கத்தை உயிரோடு இருப்பவரின் முகத்துக்கு நேரே வாசித்துப் பாருங்கள். "அவர் விட்டுச்சென்ற வெற்றிடம்" என்ற வரியில் அவர் கை உயர்த்தினார். ஆட்சேபம் என்று நினைத்தேன். புயல் பற்றிய திருத்தம்: அன்று நல்ல வெயில், தனக்கு மூக்குத் தோல் உரிந்தது. ஃபிராவ் கெர்பர் அதை எழுதிக்கொண்டாள். பல வருடங்களுக்குப் பிறகு அவருடைய வாயிலிருந்து வந்த ஒன்றை அவள் எழுதியது அன்றுதான்.

நிகழ்ச்சிநிரலில் ஏழாவது விடயம், எங்கள் உறுப்புரிமை. நான் பின்வரிசைக்குப் போயிருந்தேன். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்:

"பரவாயில்லை பிள்ளை. ஒரு கோடையாவது கால் புல்லில பட்டது தானே."

ஆதரவுக் கைகளை ஃபிராவ் கெர்பர் எண்ணினாள். இருபத்திரண்டு. எதிர்ப்புக் கைகளை எண்ணினாள். இருபத்தொன்று. இன்னும் ஒரு கை பாக்கி. அதுவும் எதிர்ப்பாக உயர்ந்தால் சமம். சமமென்றால் நிராகரிப்பு என்று விதி. மண்டபம் முழுவதும் மூன்றாம் வரிசையைப் பார்த்தது. ஸ்தாபகர் இரண்டு கையையும் ஊன்றுகோலின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"உங்கட வாக்கு?" என்றார் தலைவர்.

"நான் செத்துப்போனன். இப்பதான் எல்லாரும் எழும்பி நிண்டனீங்கள். செத்தவைக்கு ஏது வாக்கு?"

தலைவர் கெஞ்சினார். அவர் அசையவில்லை. ஃபிராவ் கெர்பர் கண்ணாடியை மாட்டி விதிப்புத்தகத்தைப் புரட்டி, மரணத்தோடு உறுப்புரிமை முடிவடையும் என்ற விதியைச் சத்தமாக வாசித்தாள். இவ்வளவு சந்தோஷமாக யாரும் ஒரு விதியை வாசித்து நான் கேட்டதில்லை. இருபத்திரண்டுக்கு இருபத்தொன்று. அப்பா கழகத்தில் உறுப்பினரானார்.

அது ஸ்தாபகரின் பெருந்தன்மை என்று நான் கொஞ்ச நாள் நம்பினேன், ஒரு கடிதமும் எழுதினேன். அவர் மனைவிதான் உண்மையைச் சொன்னார்: கிழவருக்கு என் மேல் இருந்த கோபத்தில் கைகளை எண்ண மறந்துவிட்டதாம். வீட்டுக்குப் போய் ராச்சாப்பாட்டில்தான் கணக்குப் பிடிபட்டதாம். இரண்டு நாள் சூப் குடிக்கவில்லையாம். கழகத்தின் ஆன்மா எது என்று இப்போது என்னைக் கேட்டால் பத்து நிமிடம் தேவையில்லை: பிடிவாதம். சுற்றிவர ஒரு வேலியும் வேண்டும்.

இன்று அப்பாவின் இடம் ஏரியைப் பார்த்தபடி, ஸ்தாபகரின் வேலிக்கு அடுத்த பக்கம். காலையில் அவர் வெளியே வந்து, வேலிக்கு மேலால் எட்டி, "இண்டைக்கும் இருக்கிறன்" என்று அப்பாவுக்கு அறிவிப்பார். அப்பா செருப்பில்லாத காலோடு புல்லில் நின்று, "ஓம், கண்டன்" என்பார். பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலிலும் முதலாவது விடயமாக, ஸ்தாபகர் உயிரோடிருப்பதை உறுதிப்படுத்தல் என்று ஃபிராவ் கெர்பர் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டாள். சென்ற வருடம் ஒருவர் வாக்களிக்காமல் விலகியிருந்தார்.

எனக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது. லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் மாப்பிள்ளை படம் அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். அம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறாள்.

"படம் வேண்டாம். ஆளை நேரில கூட்டிக்கொண்டு வாங்கோ. படத்தைக் காட்டினால் இவள் எழும்பி நிண்டிடுவாள்."