ஒத்துக்காதவரும் மூக்கு மாஸ்க்கும்

மனிதர்களில் 'ஒத்துக்காதவர்' என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். டாக்டர் நடக்கச் சொன்னால் இவருக்குக் காலைப் பனி ஒத்துக்காது, மாலைப் புழுதி ஒத்துக்காது. மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதைப் பாதியாக உடைத்துச் சின்னப் பாதியை மட்டும் விழுங்குவார். கண்ணாடி போடச் சொன்னால் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பேப்பரைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்து, "இப்பல்லாம் எழுத்தைப் பொடிசா அடிக்கிறானுக" என்று அச்சகத்தைத் திட்டுவார். ஒரு நாளாவது முயன்று பார்த்தாரா? ஒத்துக்காது என்று தெரிந்த பிறகு எதற்கு முயல வேண்டும்?

இந்த இனத்தைப் பார்க்க விரும்பினால், போன வருஷம் நீங்கள் திண்டுக்கல்லுக்கு வந்திருக்க வேண்டும். பெல்ட்டும் செருப்பும் விற்கும் முகமது யாசின் கடை எது என்று கேட்டிருந்தால் யாரும் காட்டியிருப்பார்கள். கல்லாவில் கன்னத்துக்குக் கை கொடுத்து, வாயைப் பாதி திறந்து, முன்னால் நிற்கும் வாடிக்கையாளர் ஒன்பதாம் நம்பர் செருப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போவது தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அது நான்தான். கேட்டால் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பேன்.

நான் குறட்டை விடுவதில்லை. இதை எங்கள் தெருவில் உறுதியாக நம்பியவன் நான் ஒருவன் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் ரஃபியாவைப் பெண் கேட்டுப் பழனியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையன் பெயர் ரிஃபாத். இரண்டு பேரும் மதுரையில் ஒன்றாகப் படித்து, ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, பெரியவர்கள் பேசி முடித்ததாக இருக்கட்டுமே என்று எங்களைக் கூட்டி வைத்திருந்தார்கள். என் வேலை சுலபம். சிரிக்க வேண்டும், தலையாட்ட வேண்டும், முழித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் இரண்டையும் நன்றாகவே செய்தேன்.

மத்தியானம் பிரியாணி ஆனது. பையனின் அத்தா பீர் முகமது தேங்காய் மண்டி வைத்திருப்பவர்; எதையும் ஆதியிலிருந்து சொல்லுகிற மனிதர். மகன் பிறந்த கதையில் தொடங்கினார். அவன் பள்ளிக்கூடம் சேர்ந்தது வரை எனக்கு நினைவிருக்கிறது. மீதியை என் மனைவி சர்புன்னிசா பிறகு சொல்லித்தான் தெரியும். "எம் பையன் யாரு மனசும் நோகப் பேசமாட்டானுங்க" என்று அவர் உருகிச் சொல்லி, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்திருக்கிறார். என் பதில் மூக்கு வழியாக வந்திருக்கிறது. சின்னப் பதில் இல்லை. ஜன்னல் கதவு அதிர்கிற பதில்.

"தகவல் சொல்றோமுங்க" என்று எழுந்து போய்விட்டார்கள். தகவல் சொல்கிறோம் என்றால் என்ன தகவல் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"கண்ணை மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்!" என்றேன்.

"ஆமாத்தா," என்றாள் ரஃபியா. "அவங்க காரு ஒட்டன்சத்திரம் தாண்டுன பெறகும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தாள். முகம் மட்டும் வீங்கியிருந்தது.

மறுநாளே சர்புன்னிசா என்னை டாக்டர் தேவதர்ஷினியிடம் இழுத்துக்கொண்டு போனாள். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறதாம். ராத்திரி முழுக்க உடம்பு இப்படித் திணறுவதால்தான் பகலில் கண் சொருகுகிறதாம். இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆகாது, சரியாகும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். மூக்கில் மாட்டும் மாஸ்க்குக்குக் குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்துவைக்கும் சீபேப் மெஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

"டாக்டர், எனக்கு இந்தக் காத்தெல்லாம்…"

"ஒத்துக்காதா? மாட்டிட்டு வந்து சொல்லுங்க."

மாட்டினேன். மூச்சை இழுத்தால், ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியதுபோல் இருந்தது. விட்டால், போன மூச்சு வாசலிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. இதைப் பற்றிப் புகார் சொல்ல வாயைத் திறந்தேன். மூக்கில் புகுந்த காற்று மொத்தமும் வாய் வழியாகப் பாய்ந்து, "ஏ புள்ள" என்று நான் கூப்பிட்டது "ஹூஊஊ" என்று வெளியேறியது. சர்புன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சிரித்தாள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. தோள் குலுங்கியது, அவ்வளவுதான்.

மாஸ்க்கின் ஓரத்திலிருந்து காற்று கசிந்து கண்ணில் அடித்தது. விடுவேனா? ஆயுள் முழுக்கத் தோல் வாரோடு வாழ்ந்தவன் அல்லவா? வாரை இறுக்கினேன். கசிந்தது. இன்னும் இறுக்கினேன். காலையில் மூக்குத்தண்டில் செக்கச் சிவந்த ஒரு தடம், கன்னத்தில் இரண்டு கோடு, வயிறு நிறையக் காற்று. கடைக்கு வந்தவர்களெல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தணிந்த குரலில் விசாரித்தார்கள்.

"பெல்ட்டு வாங்க வர்றவங்ககிட்ட என்னத்தா சொல்வீங்க?" என்று கேட்டாள் ரஃபியா.

"ரெண்டு வெரல் நுழையணும்னு சொல்வேன்."

"மூஞ்சிக்கு மட்டும் வேற சட்டமா?"

அன்றைக்கே மாஸ்க்கை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். காரணங்களுக்கா பஞ்சம்? வாய் வறளுது. குழாய் கழுத்தைச் சுத்துது. ரப்பர் வாடை கொமட்டுது. கரண்ட் போனா என்ன ஆகும்? திரும்பிப் படுக்க முடியல. மல்லாந்து படுத்தா கெட்ட கனவு வருது. எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசும் அளவுக்கு இந்த விஷயத்தில் ஞானம் பெற்றிருந்தேன். மாஸ்க்கை ஒழுங்காக மாட்டியது மட்டும்தான் இல்லை.

ஒருநாள் காலை. இட்லித் தட்டை என் முன்னால் வைத்தபடியே சர்புன்னிசா நீளமாகக் கொட்டாவி விட்டாள்.

"என்னா புள்ள, எந்நேரமும் கொட்டாவி? பகல்லயும் படுத்துக் கெடக்குற. ஒடம்புக்கு இம்புட்டுச் சோம்பேறித்தனம் ஆகாது" என்றேன். இதுவும் எங்கள் இனத்தின் குணம்தான். அடுத்தவர் உடம்பு நமக்கு நன்றாகப் புரியும்.

அவள் கோபப்படவில்லை. எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க கொறட்டை விடுறது எனக்குப் பழகிப்போச்சுங்க. அது பாட்டுக்கு ஓடுனா நானும் தூங்கிருவேன். திடீர்னு நிக்கும் பாருங்க, அப்பத்தான் எனக்கு ஈரக்கொல நடுங்கும். ஒங்க நெஞ்சு மேல கைய வச்சுக்கிட்டு, திரும்ப மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே கெடப்பேன். வந்துரும். செத்த நேரத்துல திரும்ப நிக்கும். நான் எப்பத் தூங்க?"

"எத்தன நாளா?"

"நாளா?" என்றாள். "ரஃபியா சின்னப் புள்ளையில இருந்துங்க."

நான் நிம்மதியாகத் தூங்கியதாக நினைத்த ராத்திரிகளில் எல்லாம் ஒருத்தி என் மூச்சுக்குக் காவல் இருந்திருக்கிறாள். எழுந்து கை கழுவினேன். நானே அலமாரியைத் திறந்து மாஸ்க்கை எடுத்தேன்.

டாக்டரிடம் திரும்பப் போனோம். மூக்குத்தண்டை அழுத்தாமல் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க் கொடுத்தார். காற்று மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி மெஷினைத் திருத்தினார். வறட்சிக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று சேர்ந்தது. "பகல்ல முழிச்சிருக்கும்போதே மாட்டிட்டு டிவி பாருங்க. மூக்கு தானாப் பழகிரும்" என்றார்.

அப்படித்தான் ஒரு மத்தியானம், மூக்கில் மாஸ்க்கும் மடியில் வேர்க்கடலையுமாகக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு ரம்ஜான் பீவி உறைமோர் கேட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். "ஹூஊஊ."

"யா அல்லாஹ்!" என்று கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினார். நான் ஆக்சிஜனில் கிடப்பதாகவும் பேச்சு நின்றுவிட்டதாகவும் சாயங்கால அசர் தொழுகைக்குள் தெருவெல்லாம் செய்தி. ஆரஞ்சுப் பழத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கடன் சொல்லிச் செருப்பு வாங்கிப்போன ஒருவர்கூட வந்து கண் கலங்கிப் போனார். பாக்கியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

செய்தி பழனி வரைக்கும் போனது. மறுநாள் பீர் முகமது குடும்பத்தோடு பதறிக்கொண்டு வந்து இறங்கினார். நான் வாசலில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க… நல்லாத்தான் இருக்கீங்களா?" என்றார் ஏமாற்றமும் நிம்மதியும் கலந்த குரலில்.

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கு ஒங்கள அவமானப்படுத்த நெனைக்கலைங்க. என் தொண்டைதான் அப்படி" என்று மெஷினைக் கொண்டுவந்து மாட்டியும் காட்டினேன்.

"புடிக்காமத்தான் தூங்குறீங்கன்னு நெனச்சுட்டனுங்க. ரிஃபாத் அன்னைக்கிலிருந்து எங்கிட்ட முகங்குடுத்தே பேசறதில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, போன தடவை பாதியில் விட்ட இடத்திலிருந்து மகனின் கதையைத் தொடர்ந்தார். கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்த கட்டம் வரை முழுதாகக் கேட்டேன். கதவோரம் நின்று ரஃபியா என் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை மூடவில்லை. அன்றைக்கே தேதி குறித்தார்கள்.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்கியிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து சம்பந்தியின் குறட்டை சுவரைத் தாண்டி வந்தது. இழுத்து, ஏறி, சட்டென்று நின்றது. காலையில் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்கெல்லாம் ஒண்ணுமில்லைங்க. மண்டி அலைச்சல்." பக்கத்தில் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டார்.

சர்புன்னிசா இப்போது தூங்குகிறாள். நன்றாகவே தூங்குகிறாள். லேசாகக் குறட்டையும் விடுகிறாள், சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை.

இதுவரை படித்துவிட்டு, "எங்க பெரியப்பா அப்படியேதான்" என்று சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். இதை அவருக்கு அனுப்பலாமா என்றும் நினைப்பீர்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: இந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் கையில் கொடுத்தது யார், எதற்காக என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.