பாவாத்தாள் உடும்பும் கட்டங்கட்டமான மனுவும்

ஒரு காட்டில், கரண்ட் ஓரளவு ஒழுங்காக வருகிற மேற்கு ஓரத்தில், பாவாத்தாள் என்றொரு உடும்பு வாழ்ந்து வந்தாள். அவளுக்கு ஒரு புற்று உண்டு. புற்றுக்குள் ஒரு கணினி உண்டு. மகளைக் கட்டிக் கொடுத்தபோது மகள் விட்டுவிட்டுப் போன கணினி அது. பன்னிரண்டு வருடமாகியும் சொன்னதைச் செய்துகொண்டிருந்தது. அந்தக் காட்டில் சொன்னதைச் செய்கிற ஜீவன் வேறு எதுவும் இல்லாததால், பாவாத்தாள் அதைத் தினமும் துடைத்து, ஓரத்தில் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்தாள்.

அதில் அவள் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். மனு அடிப்பாள். அந்தக் காட்டில் ஓடையில் கால் நனைக்கவும் மனு கொடுக்க வேண்டும். கையால் எழுதினால் வாங்க மாட்டார்கள். பாவாத்தாள் பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில் அடித்துப் பழகியவள். எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து விழும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

இதுவரை ஏழு மனு கொடுத்திருந்தாள். ஏழும் தெளிவாக, பத்தி பிரித்து, பிழையில்லாமல் அடித்தவை. ஏழும் திரும்பி வந்துவிட்டன. சிங்கராஜாவின் அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலில் நரியார் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். அதுதான் வினை. ‘ஓடைக்கரை’ என்று எழுதினால் “இடக்கரையா, வலக்கரையா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். ‘இடக்கரை’ என்று எழுதிக் கொண்டு போனால் “மேக்க பாத்து நின்னா, கிழக்க பாத்து நின்னா?” என்பார்.

இது இப்படியிருக்க, கணினிக்குள்ளும் ஒரு தொல்லை புகுந்தது. தினமும் காலையில் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி முளைக்கும். ‘புதிய பதிப்பு தயார். உங்களுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று பல்லிளிக்கும். கீழே இரண்டு பொத்தான்: ‘இப்போதே’, ‘பிறகு’. ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் கிடையாது. கல்யாணப் பந்தியில் இலைக்கு மேல் கையை மறித்தால் சாம்பார் வாளிக்காரர்கூட அடுத்த இலைக்குப் போய்விடுவார். இது போகாது.

பாவாத்தாளும் சளைத்தவள் இல்லை. உடும்புப்பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? பதினாலு மாதம் தினமும் ‘பிறகு’வை அமுக்கினாள். பிறகு அதுவும் அலுத்துப்போய், ஒரு பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திரையின் அந்த மூலையில் ஒட்டிவிட்டாள். கண்ணில் படாத தொல்லை பாதித் தொல்லை. நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் நோட்டீஸ் வந்தது. சிங்கராஜா நின்று படம் பிடித்துக்கொள்ள ஒரு ‘செல்ஃபி பாயிண்ட்’ அமைக்கப் போகிறார்களாம். அதற்குக் காட்டிலேயே வெளிச்சம் வாகாக விழுகிற இடம் பாவாத்தாளின் புற்று இருக்கும் மேடுதானாம். திங்கட்கிழமை இடிப்பு. ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மனுவாக, மூன்று பிரதியில் தர வேண்டும்.

பாவாத்தாள் பிறந்த புற்று அது. அவளுடைய ஐந்து பிள்ளைகளும் அங்கேதான் முட்டையிலிருந்து வெளியே வந்தன. இதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே நல்ல மனுவை அடித்தாள். இடக்கரை என்றும், கிழக்கே பார்த்து நின்றால் என்றும் மறக்காமல் போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அச்செடுப்பது மட்டும்தான் பாக்கி.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் சம்பந்தி வந்து நின்றார். மகளின் மாமனார், சென்னியப்பன் உடும்பு. தங்கமான மனிதர், மன்னிக்கவும், தங்கமான உடும்பு. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அப்படிச் சொல்லத் தெரியாமலே நாலு ஏக்கரைத் தொலைத்தவர்.

“வாங்கோ சம்பந்தி, வாங்கோ. உக்காருங்க. சித்த இருங்க, காப்பித்தண்ணி வெச்சுட்டு வந்தர்றேன்” என்று பாவாத்தாள் அடுப்படிக்குப் போனாள். சம்பந்தி வந்திருக்கும்போது அச்செடுத்துக்கொண்டிருந்தால் மரியாதையாக இருக்குமா?

சென்னியப்பன் கணினி முன்னால் உட்கார்ந்தார். திரையில் பொட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தார். கண்ணாடியில் ஒட்ட வேண்டிய பொட்டு இடம் மாறி ஒட்டிக்கொண்டதே என்று பக்குவமாகப் பிய்த்து, கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தார். பார்த்தால், அடியில் ஒரு பெட்டி. உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்கிறது. அவருக்கு மனசு இளகிவிட்டது.

காப்பியோடு வந்த பாவாத்தாள் திரையைப் பார்த்தாள். நீலமாக இருந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஏனுங் சம்பந்தி, எதையாச்சும் அமுக்கினீங்களா?”

“அட ஆமாங்க. பாவம், எத்தன நாளா காத்துட்டிருக்குதோ. ஊடு தேடி வந்து கேக்கறதுக்கு இல்லீன்னு சொன்னா நல்லா இருக்குமுங்களா? சரின்னு போட்டுட்டனுங்க.”

பாவாத்தாளுக்கு வாயில் வந்ததெல்லாம் நாலு தலைமுறைக்குச் சம்பந்தம் அறுந்துபோகிற சொற்கள். மகள் முகத்தை நினைத்து விழுங்கிக்கொண்டாள். “காப்பி ஆறிப் போகுதுங்க, குடிங்க” என்றாள்.

பதினொரு மணிக்குப் பன்னிரண்டு சதவீதம் என்றது. ஒரு மணிக்கு முப்பத்தேழு சதவீதம் என்றது. மூன்று மணிக்கும் அதே முப்பத்தேழில் உட்கார்ந்திருந்தது. ‘அணைக்க வேண்டாம். நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்’ என்று அடியில் எழுதியிருந்தது. பாவாத்தாள் நகத்தைக் கடித்தாள். உடும்பின் நகம் என்பதால் அதற்கே வெகுநேரம் ஆனது. சென்னியப்பன் இரண்டாவது காப்பியும் குடித்துவிட்டு, “வரட்டுங்களா?” என்று கிளம்பிப் போனார்.

நாலு இருபதுக்குக் கணினி கண் விழித்தது. இடது ஓரத்தில் இருந்ததெல்லாம் நடுவுக்கு வந்திருந்தது. எந்த ஊரிலோ பனி கொட்டுகிறது என்று கேட்காமலே சொன்னது. பாவாத்தாள் மனுவைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கட்டங்கள். வெறும் கட்டங்கள். இடையிடையே ஒரு கேள்விக்குறி. அவள் பெயர் இருந்த இடத்தில் ஐந்து கட்டம்.

கணினி பழுது பார்க்கும் குரங்குக்குப் போன் போட்டாள். “அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களாக்கா?” என்று கேட்டது குரங்கு. பார்த்துவிட்டதாகச் சொன்னாள். “அப்பப் பழைய எழுத்துரு புதுப் பதிப்புக்கு ஒத்துக்கலீங்க்கா. சரி பண்ணலாம், மூணு நாளாவும்” என்றது.

மூன்று நாளில் புற்றே இருக்காது. பாவாத்தாள் திரையைப் பார்த்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். ஐந்து மணிக்குள் கொடுத்ததற்கு முத்திரை விழுந்தால் போதும். எழுத்து தெரியவில்லை என்று திருப்பினால், தெரியும்படி இன்னொன்று தர அவகாசம் கேட்கலாம். கட்டங்களையே மூன்று பிரதி எடுத்துக்கொண்டு ஓடினாள். நாலு ஐம்பத்தைந்துக்கு ஜன்னலில் நீட்டினாள்.

நரியார் வழக்கம்போல உதட்டில் ஏளனத்தோடு மனுவை வாங்கினார். பார்த்தார். உதடு மெதுவாக இறங்கியது.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். போன மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ‘புதிய பதிப்புப் பயிற்சி’ மூன்று நாள் நடந்தது. நரியார் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பயிற்சியில் தேறியவர் என்று சான்றிதழும் வாங்கி, தலைக்கு மேலே மாட்டி வைத்திருந்தார்.

“இது... புதுப் பதிப்புங்களா?” என்றார் நரியார், குரலைத் தாழ்த்தி.

“ஆமாங்க. இன்னைக்குத்தான் மாறுச்சுங்க” என்றாள் பாவாத்தாள். உண்மையைத்தான் சொன்னாள்.

நரியார் தலைக்கு மேலிருந்த சான்றிதழை ஒருமுறை பார்த்தார். படிக்கத் தெரியவில்லை என்று சொன்னால் அது போச்சு. குறை சொல்லலாம் என்றால், எந்தக் கட்டத்தில் குறை என்று சொல்வது? “ம். சரியாத்தான் இருக்குது” என்று முத்திரை குத்தி, ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதி உள்ளே அனுப்பிவிட்டார். பாவாத்தாள் வாயைப் பிளந்தபடி நின்றாள். பிறகு, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

உள்ளே கரடியார் இருந்தார். அவரும் அந்தப் பயிற்சியில் தேறியவர். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், அதிலும் கட்டம்தான். அடியில் நரியாரின் பரிந்துரை இருந்தது. நரிக்குப் புரிந்தது நமக்குப் புரியவில்லை என்றால் வெட்கக்கேடு என்று, ‘நியாயமான கோரிக்கை’ என்று எழுதினார். யானையார் அதற்கு மேலே போய், ‘படித்தேன். தெளிவாக உள்ளது’ என்று எழுதினார்.

சிங்கராஜா எதையும் படிப்பதில்லை. “என்னய்யா கேக்குது இந்த உடும்பு?” என்றார்.

“எல்லாம் மனுவுலயே விவரமா இருக்குதுங்க மகாராஜா” என்றார் யானையார்.

ராஜா கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் ஆணை அடிக்க உட்கார்ந்த நரியார், வெகுநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, ஒரே வரியாக அடித்தார்: ‘மனுவில் கோரியபடியே முழுமையாக அனுமதிக்கப்படுகிறது.’

திங்கட்கிழமை புற்றை இடிக்கக் காட்டுப்பன்றிகள் வந்தன. பாவாத்தாள் ஆணையை நீட்டினாள். பெரிய பன்றி படித்தது.

“கோரியபடியேன்னு இருக்குது. என்ன கோரியிருக்கீங்கம்மா?”

“இந்தப் புத்தை இடிக்கக் கூடாதுன்னுங்க.”

பன்றிகள் சலாம் வைத்துத் திரும்பின. பாவாத்தாளுக்கு உயிர் வந்தது. உயிர் வந்தால் ஆசையும் கூடவே வருமில்லையா? பன்றிகள் பத்தடி போனதும் அவள் கூப்பிட்டாள்.

“அந்த மாமரமும் அதுலயே இருக்குதுங்க.”

பன்றிகள் மரத்தைச் சுற்றி வேலி போட்டுக் கொடுத்துவிட்டுப் போயின. செவ்வாய்க்கிழமை ஓடைக்கரையும் அதிலேயே இருந்தது. புதன்கிழமை வாசலுக்கு ஒரு தெருவிளக்கு இருந்தது. மனு ஒன்றுதான், அதில் இல்லாதது எதுவும் இல்லை. ஏழு தடவை நேர்மையாகக் கேட்டு ஏமாந்தவள், எட்டாவது தடவை கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

விஷயம் பரவாமல் இருக்குமா? வியாழக்கிழமை முயல், மான், முள்ளம்பன்றி எல்லாம் புற்று வாசலில் வரிசையில் நின்றன. “அக்கா, எனக்கும் ஒரு கட்ட மனு அடிச்சுக் குடுங்க” என்று கெஞ்சின. எல்லாம் நிறைவேறின.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அலுவலகம் இல்லாத நாளில், பின்வழியாக ஒரு விருந்தாளி வந்தார். நரியார்.

“அம்மிணி, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது? அன்னைக்கு நீங்க குடுத்ததுல எனக்கு ஒரு எழுத்தும் புரியலீங்க.”

“எனக்கும்தானுங்க” என்றாள் பாவாத்தாள்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு நரியாரின் முகம் வாடியது. “என் கல்யாணத்துக்கு லீவு கேட்டு மூணு மனு குடுத்துட்டனுங்க. ராஜாவுக்கு யானையார் படிச்சுச் சொல்லிப்போடறாரு. தெளிவா எழுதித் தொலைச்சுட்டேன். மூணு முகூர்த்தம் போச்சு. பொண்ணூட்டுல இனிப் பொறுக்க மாட்டாங்களாம்.” அவர் கண் கலங்கியிருந்தது. மற்றவர் மனுவைத் திருப்பி அனுப்பியவர்தான் என்றாலும், பார்க்கப் பாவமாக இருந்தது.

பாவாத்தாள் உட்கார்ந்து அடித்தாள். கட்டம் கட்டமாக விழுந்தது. அச்சு இயந்திரம் தாளை இழுத்து, இரண்டு வரி அடித்திருக்கும். அப்போது திரையின் நடுவில் ஒரு பெரிய பெட்டி முளைத்தது. ‘மகிழ்ச்சியான செய்தி! எழுத்துக் கோளாறு சரிசெய்யப்பட்டுவிட்டது. இனி உங்கள் மனுக்கள் அனைத்தும் தெளிவாகத் தெரியும். பத்து நொடியில் தானாகத் தொடங்கும்.’

இந்த முறை ‘பிறகு’கூட இல்லை.

பாவாத்தாளுக்கு மாமரம், ஓடைக்கரை, தெருவிளக்கு எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்து போயின. கணினியில் இருக்கும் எட்டாவது மனுவை யார் திறந்து படித்தாலும், அவள் உண்மையில் கேட்டது புற்றை மட்டும்தான் என்று தெரிந்துவிடும். “ஐயோ, தெளிவாயிருமுங்க!” என்று அலறினாள். ஐந்து, நாலு என்று எண்ணிக்கொண்டிருந்தது. நரியார் ஒரே பாய்ச்சலில் மேசைக்கு அடியில் புகுந்து, மின்வயரைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். ‘டப்’ என்று ஒரு சத்தம். கணினி அணைந்தது. நரியாரின் மீசையிலிருந்து புகை வந்தது.

தாள் பாதியில் நின்றிருந்தது. இரண்டு வரிக் கட்டம்; மீதியெல்லாம் வெற்றுத்தாள். நரியார் அதை உருவி எடுத்துப் பார்த்தார். “இது போதுமுங்க” என்றார்.

போதுமானதாகத்தான் இருந்தது. யானையார் ‘சுருக்கமாகவும் தெளிவாகவும் உள்ளது’ என்று எழுதினார். சிங்கராஜா ‘கோரியபடியே’ என்று கையெழுத்துப் போட்டார். நரியாரின் கல்யாணம் வெகு விமரிசையாக நடந்தது. அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. நரியார் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. எத்தனை நாள் விடுப்புக் கேட்டார் என்று கண்டுபிடிக்க அலுவலகத்தில் தினமும் அந்த மனுவை எடுத்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீதி: புரியும்படி கேட்டால் காரணம் சொல்லி மறுப்பார்கள், புரியாதபடி கேட்டால் வெட்கப்பட்டுக் கொடுப்பார்கள். ஆகவே குழந்தைகளே, கணினியைத் தவறாமல் மேம்படுத்துங்கள். ஆனால் ஒரே ஒரு தடவை மட்டும்.