கௌரி இல்லாத ஒரு இடம்

நாற்பத்தொன்பது வயதும் பத்து மாதமும் ஆனபோது சுபாஸ்கரன் ஒரு முடிவுக்கு வந்தான். ஐம்பது வருமுன், கௌரி இல்லாத ஒரு இடத்துக்குப் போய்விட வேண்டும்.

விவாகரத்து அல்ல. ஐந்து நாள்தான்.

மனைவியில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. ஒஸ்லோவில் அவன் நோர்வே மொழியில் வணக்கம் சொல்லப் பழகிய கிழமை, அவள் அதே மொழியில் வீட்டுக்காரனோடு சண்டை பிடித்து வென்றாள். அவன் பனிச்சறுக்குப் பலகையில் எழும்பி நின்றபோது, அவள் சறுக்கி இறங்கி மலையடியில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். போன வருடம் ஆவணியில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி அரியாலையில் வீடு கட்டினார்கள். மேசன்மார் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவளிடம் அளவு கேட்டார்கள்.

ஆகவே கடலடி. மாலைதீவுக்குப் போய், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு ஆமையைப் படம் பிடிப்பது. தண்ணீர் புகாத கமெராவும் வாங்கியாயிற்று. அங்கே ஒருவரும் கதைக்க முடியாது என்பது மேலதிக வசதி.

கௌரி வந்தால் கதை முடிந்தது. தொண்டைமானாற்றுப் பாலத்தில் இருந்து தண்ணீருக்குள் குதித்து வளர்ந்தவள் அவள். அவளை அழைக்கவும் வேண்டும். அவள் வரவும் கூடாது. அதற்கு ஒரு நாள் கைவசம் இருந்தது. மாமாவின் திவசம், ஜூலை பன்னிரண்டு. தகப்பனின் திவசத்தை விட்டுவிட்டு எந்த மகள் விமானம் ஏறுவாள்? பத்தாம் திகதி தொடக்கம் பதினைந்து வரை பதிவு செய்துவிட்டு, முகத்தை நீட்டிவைத்துக்கொண்டு குசினிக்குள் போனான்.

"இஞ்சரும். வேறை திகதி கிடைக்கேல்லை. பன்னிரண்டாந் திகதி மாமாவின்ரை திவசம். உமக்கு வரேலாது, என்ன?"

கௌரி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"ஓ. அப்ப நீங்கள் போட்டு வாங்கோவன்."

"தனியவோ?"

"வேறை என்னண்டு?"

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருட மணவாழ்க்கையில் அவள் இவ்வளவு சுருக்கமாக எதற்கும் சம்மதித்ததில்லை. அன்றே அவன் சந்தேகப்படத் தொடங்கினான்.

மறுநாள் காலை கிணற்றடித் தொட்டியை நிரப்பி, கண்ணாடியை மாட்டி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு உள்ளே குந்தினான். கமெராவில் விழுந்தது அவனுடைய கால் பெருவிரல் மட்டும். நிமிர்ந்தபோது மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுச் செபநாயகம் அண்ணையின் தலை தெரிந்தது. நாற்பது வருடம் கடற்றொழில் செய்த தலை.

"உதென்ன தம்பி, ஏதும் விழுந்துபோச்சோ?"

"இல்லை அண்ணை. பழகிறன். மாலைதீவிலை கடலுக்கடியிலை போகப்போறன்."

"ஏன், ஆரும் தண்ணியிலை தாண்டு செத்தவையோ?"

"இல்லை அண்ணை, சும்மா பாக்க."

செபநாயகம் மதிலில் முழங்கையை ஊன்றினார். "நாங்கள் உதுக்கை போகாமல் இருக்கத்தான் தம்பி வள்ளம் வைச்சிருக்கிறம்."

நாட்கள் நகர நகர, கௌரி மேலும் மேலும் நல்லவளானாள். துவாய் மடித்து வைத்தாள். காதுக்கு மருந்து வாங்கி வந்தாள். "எத்தினை மணிக்குத் தண்ணிக்கை இறக்குவினம்?" என்று ஒருநாள் சும்மா கேட்டாள். ஏன் கேட்கிறாள்? திவசத்துக்கு ஐயருக்குச் சொன்னதாகவும் தெரியவில்லை. மரக்கறிக்குச் சொன்னதாகவும் தெரியவில்லை. வளவை மூன்று தரம் சுற்றினான். பூட்டின கேற்றைத் திரும்பவும் பூட்டினான்.

வெளிக்கிட மூன்று நாள் இருக்க, தாங்க முடியவில்லை.

"இஞ்சரும், நீரும் வாருமன்."

"அப்ப திவசம்?"

"ஐயரிட்டைக் கேட்டுப் பிந்திச் செய்யேலாதோ?"

"ஏன் பிந்த? திவசம் இருபத்தாறாந் திகதி."

"பன்னிரண்டெல்லே?"

"அது ஒஸ்லோவிலையப்பா. அங்கை இங்கிலீசுத் திகதிக்குப் படத்துக்கு முன்னாலை படைச்சம். இஞ்சை திதிக்கெல்லே செய்யிறது? இந்த முறை திதி இருபத்தாறிலை வருது."

சுபாஸ்கரன் கதிரையைத் தேடி இருந்தான்.

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீங்கள் என்னைக் கேட்டனீங்களோ? வரேலாது எண்டு எனக்குச் சொன்னனீங்கள்." குரலில் கோபமில்லை. கண்ணில் கொஞ்சம் இருந்தது. "கேக்கிறியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். கேட்டிட்டியள். சந்தோசம்."

"இனி ரிக்கற் கிடைக்காதே!"

"தாரிகா போன மாசமே போட்டிட்டாள். உங்களுக்குப் பக்கத்துச் சீற்." தாரிகா ஒஸ்லோவில் படிக்கும் மகள். தாயின் வெளிநாட்டுக் கிளை.

கடலுக்குள் நடந்ததை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வள்ளத்து ஏணியில் நான்காவது படியில் தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. தலையை உள்ளே வைத்தான். மூக்கைப் பொத்தி ஊதச் சொன்னார்கள், ஊதினான். காது அடைத்தது. கடலுக்கு அடி இல்லை என்று அந்தக் கணத்தில் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்தான். பிடித்தது பிடித்ததுதான்.

"என்னப்பா, கமெராவைத் தாங்கோ," என்றாள் கௌரி. "ஆமை உங்களைப் பாத்துக்கொண்டு நிக்குமே?"

பயிற்சிக்காரன் கூட வர, அவள் இறங்கிப் போனாள். நீலத்துக்குள் அவள் துடுப்புக் கால்கள் சின்னதாகி மறைந்தன. கௌரி இல்லாத ஒரு இடம் கடைசியில் அவனுக்குக் கிடைத்தது. அது ஏணியின் நான்காவது படி. முப்பத்தைந்து நிமிடம் அதிலே நின்றான்.

ஆமை, திருக்கை, வரிவரியாய்ப் போகும் மஞ்சள் மீன் என்று எல்லாம் பிடித்து வந்திருந்தாள். ஆனால் அரியாலை வீட்டு விறாந்தையில் அவள் சட்டம் போட்டு மாட்டியது வேறு படம். கீழே இருந்து எடுத்தது. நாலாபக்கமும் நீலம். நடுவில், இரும்புக் கம்பியை ஒட்டிக்கொண்டு, வெளிறிய இரண்டு கால்கள்.

"ஏனப்பா இதைப் போய் மாட்டினனீர்?"

"இவ்வளவு படத்துக்கை அசையாமல் நிண்டது இது ஒண்டுதான்."

திவசத்தன்று சாப்பிட வந்த செபநாயகம், கை கழுவிவிட்டு வந்து படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பினார்.

"தம்பி, உது கிணத்தடித் தொட்டியிலை எடுத்ததெல்லே?"

குசினி வாசலில் கௌரி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஓம் அண்ணை, தொட்டிதான்," என்றான் சுபாஸ்கரன் அவசரமாக.