ஒரு நம்பர் பெரிய ஷூ

எனக்கு ஒரு வியாதி உண்டு. செருப்போ ஷூவோ, ஒரு நம்பர் பெரிதாகத்தான் வாங்குவேன். சின்ன வயதில் 'வளர்ற புள்ள' என்று சொல்லி வீட்டில் அப்படியே பழக்கிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதிலும் கால் வளரும் என்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கைதான் ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊரில் என் மானத்தை வாங்கியது. (ஊர்ப் பெயரைச் சொல்லக்கூடாது என்று மகள் உத்தரவு.)

மகள் தாரணி அங்கே படிக்கப் போனாள். வேலையைத் தேடிக்கொண்டாள். கூடவே டங்கன் என்ற பையனையும் தேடிக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் கோயமுத்தூரில் நான் ஆடாத ஆட்டமில்லை. "இனி எனக்குப் பொண்ணே இல்ல" என்று போனில் கத்தினேன். எட்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. பம்ப்செட் பட்டறையில் நாளெல்லாம் கத்துகிற எனக்கு, அந்த எட்டு மாதமும் வீட்டில் சோறே இறங்கவில்லை. கடைசியில் நானே இறங்கி வந்தேன். டங்கனின் அப்பாவைப் பார்த்துப் பேச நானும் மனைவி சரசுவும் விமானம் ஏறினோம்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் எதையும் பண்ணிப்போடாதீங்க. இத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் எல்லாம் கூடி வருது," என்றாள் தாரணி, சந்திப்பு நாள் காலையில். கண் கலங்கியிருந்தது.

"நான் என்ன கண்ணு பண்ணப்போறேன்?" என்றேன். (இதைவிடப் பெரிய பொய்யை நான் இன்றுவரை சொன்னதில்லை.)

டங்கனின் அப்பா ராபர்ட், ஓய்வுபெற்ற வாத்தியார். வருகிறவர்களுக்கு ஊரின் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவது அவருக்குப் பிரியம். சந்தைத் திடலில் உள்ள பழைய கல்தூணருகே பதினொரு மணிக்குச் சந்திப்பதாக ஏற்பாடு. பதற்றத்தில் நானும் சரசுவும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டோம்.

நம் கோயமுத்தூர் டவுன்ஹால் மணிக்கூண்டுப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் அந்த ஊரையே சுற்றிவிடலாம். கறுத்த கல் கட்டடங்கள், ஒரு மணிக்கூண்டு, ராஜா காலத்துச் சிறைச்சாலை. சிறைச்சாலைக்கு அடியிலேயே கறிக்கடை, பக்கத்தில் முடிவெட்டும் கடை. சரித்திரத்தை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரொட்டி வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு பழைய தேவாலயம் திறந்திருந்தது. வாசலில், பலகை மேல், வரிசையாக ஷூக்கள்! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"பாத்தியா சரசு, இங்கயும் கழட்டிட்டுத்தான் போறாங்க."

"ஏனுங்க, உள்ள எல்லாரும் ஷூவோடதானுங்க நடக்கறாங்க?"

"அவங்களுக்குப் பக்தி கம்மி. நீ கம்முனு வா."

காந்திபுரத்தில் சரசு தேடி எடுத்த, பித்தளை பக்கிள் வைத்த காப்பி நிற ஷூ. கழற்றி, அந்த வரிசையில் அழகாக வைத்தேன். சரசு குளிருக்குப் பயந்து கழற்றவில்லை. உள்ளே போய், மருதமலையில் வேண்டுவது போலவே வேண்டினேன். "சாமி, என் வாயால எம் பொண்ணு கல்யாணம் நின்னுபோகக் கூடாது." வாயைப் பற்றி மட்டும்தான் வேண்டினேன். காலைப் பற்றி வேண்டத் தோன்றவில்லை.

வெளியே வந்தால் ஷூ இல்லை. பலகைக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப நன்றி, வெச்ச உடனே வித்துப்போச்சு" என்று இங்கிலீஷில் பூரித்தார். தேவாலயக் கூரை ரிப்பேருக்காக, ஊரார் கொடுத்த பழைய சாமான்களை விற்கிறார்களாம்! வாசல் ஈரத்தில் நனைந்த என் சாக்ஸைப் பார்த்து விஷயம் புரிந்ததும் அந்த அம்மா துடித்துப்போனார். பலகையில் இருந்ததில் என் காலுக்குச் சேர்ந்தது ஒன்றுதான். மஞ்சள் நிறத்தில், வாத்துப் படம் போட்ட ரப்பர் பூட்ஸ்.

அதைப் போட்டுக்கொண்டு, சளக் சளக்கென்று கல்தூணுக்குப் போய்ச் சேர்ந்தேன். தாரணி என் காலைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் டங்கன். அவனருகே ஆறடி உயரத்தில் ராபர்ட். அவர் காலில், பித்தளை பக்கிள்.

"ஏனுங்க! அது உங்க ஷூதானுங்களே!" என்று சரசு போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன.

'ஷூ' அவருக்கும் புரிந்தது. என் வாத்துகளைப் பார்த்தார். முகம் சிவந்துபோய், நடுவீதியில் குனிந்து கழற்ற ஆரம்பித்தார். பதறிப்போய் நானும் குனிந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அட கருமமே! வந்ததும் வராததுமா மாப்பிள்ளை ஊட்டுக்காரர் கால்ல உழுந்துபோட்டீங்களே!" என்று சரசு தலையில் அடித்துக்கொண்டாள்.

ராபர்ட் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். தாரணி தமிழில் எடுத்துச் சொன்னாள்: "அப்பா, அவரோட பழைய ஷூ பிஞ்சிருந்துச்சாம். இந்தியாவிலிருந்து வர்ற அப்பா தன்னை மட்டமா நெனச்சிடக் கூடாதுன்னு, பயந்துட்டு, காலைல ஓடிப்போய் வாங்கினாராம்."

எனக்கு எங்கிருந்து சிரிப்பு வந்ததோ! அந்த மனுஷரும் என்னைப் போலவே நடுங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தாரணி எட்டு மாதத்துக்குப் பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். ஷூவை நான் திரும்ப வாங்கவில்லை. என்னைவிட அவருக்குத்தான் அளவாக இருந்தது. மணிக்கூண்டு, சிறைச்சாலை என்று அன்று ஊர் முழுக்க வாத்து பூட்ஸோடு சுற்றினேன்.

கல்யாணம் கோயமுத்தூரில் நடந்தது. மண்டப வாசலில் அந்தப் பித்தளை பக்கிள் ஷூவைக் கழற்றிய சம்பந்தி ராபர்ட், அங்கே கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்துக் கலவரமாகி, ஷூவை அக்குளில் இடுக்கிக்கொண்டே மேடையேறிவிட்டார். ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறார். ஆல்பம் பார்க்கிறவர்கள் இன்றும் கேட்பார்கள், "சம்பந்தி ஏனுங்க ஷூவைக் கக்கத்துல வெச்சுட்டிருக்கறாரு?"

சரசு முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொல்வாள்: "அது பொண்ணு ஊட்டுச் சீருங்க."