பத்து வருடக் குடித்தனம்

அந்த வீட்டில் குளியலறைக் கதவு எது என்று மீட்டர்காரருக்குத் தெரியவில்லை. ஆனால் பத்து வருடமாக அங்கேதான் குடியிருப்பதாக, மகளின் விண்ணப்பத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அண்ணா, அது சாமான் ரூம்" என்றாள் தங்கை.

"தெரியும், தெரியும்" என்றார், கையில் இரண்டு டூத் பிரஷ்ஷோடு அரிசி மூட்டைக்கு முன்னால் நின்றபடி.

வீடு தங்கையுடையது. மாநில எல்லைக்கு இந்தப் பக்கம். அவருடைய வீடு அந்தப் பக்கம், பஸ்ஸில் ஏழு மணி நேரம். மகளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. அதுவும் இந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே வெளி மாநிலத்தாருக்கு மொத்தமே நாலு இடம். உள் மாநிலத்தாருக்கு நூற்றுக்கும் மேல். மீட்டர்காரர் யாரிடமும் கேட்காமல் தங்கை வீட்டு முகவரியைப் போட்டு அனுப்பிவிட்டார். நேரில் விசாரிக்க வருகிறோம் என்று கடிதம் வந்த பிறகுதான் தங்கைக்கே விஷயம் தெரிந்தது.

"பத்து வருஷமா எங்க வீட்லயே இருக்கியாம். ஒரு நாள் ஒரு வாய் காப்பி குடிச்சதில்ல" என்றாள் அவள்.

மீட்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தங்கை கல்யாணமாகி இங்கே வந்த பதினாறு வருடத்தில் அவர் எட்டிப் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் வாசலோடு சரி.

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலை அவருக்கு. ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். 'நாங்க ரெண்டே பேர்தான் சார்' என்று புளுகியவர்களைக் கொடியில் காயும் துணியை வைத்தே பிடித்திருக்கிறார். இன்று அதே வித்தையைத் தலைகீழாகச் செய்தார். வாசலில் நாலு ஜோடி செருப்பு கூடுதலாக வைத்தார். கொடியில் தன் பனியனையும் சட்டையையும் நனைத்துக் காயப்போட்டார்.

முந்தின நாள் பஸ்ஸில்தான் மகளிடம் இந்த முகவரி விஷயத்தைச் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்க கேட்டா தலைய மட்டும் ஆட்டு."

"அசிங்கமா இருக்குப்பா."

"எனக்கு மட்டும் பெருமையாவா இருக்கு?"

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறக்கப் போனவரைத் தங்கை வீட்டு நாய் வழிமறித்துக் குரைத்தது. ஒரு வழியாக அதைத் தாண்டிக் கதவைத் திறந்தார். கக்கத்தில் ஃபைலோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். பல்கலைக்கழக அலுவலர்.

"உங்க நாயா சார்?"

"ஆமாங்க. குட்டியிலேர்ந்து நான்தான் வளர்க்கிறேன்."

நாய் அவருடைய பேண்டைக் கவ்வி இழுத்தது.

"விளையாடுதுங்க."

"பேரு என்ன?"

மீட்டர்காரர் விழித்தார். "பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடறதில்ல. டேய்னா ஓடி வந்துடுவான்."

"அது பொட்டை நாய், அண்ணா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அலுவலர் எதையோ எழுதினார். அவர் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்று மீட்டர்காரர் மின்விசிறியைப் போடப் போனார். முதல் சுவிட்சுக்கு வாசல் விளக்கு எரிந்தது. இரண்டாவதுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதுக்கு மின்விசிறி சுற்றியது. வெற்றியோடு வந்து உட்கார்ந்தார்.

"சுவிட்சையெல்லாம் நேத்துதான் மாத்தினோம். அதான் கொஞ்சம் குழப்பம்."

சற்று நேரத்தில் மாடியிலிருந்து மழை பெய்வது போல் சத்தம் கேட்டது. ஒன்றும் நடக்காத அந்த இரண்டாவது சுவிட்ச் மோட்டாருடையது. தொட்டி நிரம்பி, கொடியில் கிடந்த பனியன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வீணானாலும் ஊரையே திட்டுகிறவர், எந்த சுவிட்சைப் போட்டோம் என்பது மறந்துபோய்ச் சுவரைத் தடவினார். தங்கைதான் ஓடி வந்து மோட்டாரை நிறுத்தினாள்.

அலுவலர் பேனாவை மூடினார். அவர் குரல் தணிந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க இங்க இருக்கறவர் மாதிரி தெரியல. உண்மையச் சொல்லிடுங்க. இல்லைன்னு எழுதிட்டுப் போயிடறேன். உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

மகள் அப்பாவையே பார்த்தாள். அப்போது தங்கை முன்னால் வந்தாள்.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? எங்க அண்ணன் இல்லாம இந்த வீட்ல ஒரு நாள் ஓடாது" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு.

மீட்டர்காரருக்கு அந்த நாளின் மற்ற அவமானமெல்லாம், தங்கை தனக்காகச் சொன்ன அந்தப் பொய்க்கு முன்னால் தூசாகத் தெரிந்தது. ஆனாலும் அதையே பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க. பத்து வருஷம். சத்தியமா."

இத்தனை களேபரத்தில் நாய் குரைப்பதை எப்போது நிறுத்தியது என்று யாரும் கவனிக்கவில்லை. அலுவலர்தான் முதலில் திரும்பிப் பார்த்தார். மகள் தரையில் உட்கார்ந்து அதன் முன்னங்காலைப் பிடித்து, நகத்துக்கு இடையில் குத்தியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். நாய் அவள் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடியிருந்தது.

அலுவலர் வெகு நேரம் அதையே பார்த்தார்.

"பழகாதவங்ககிட்ட நாய் இப்படிக் காலை நீட்டாது" என்று பெருமூச்சு விட்டார். பேனாவைத் திறந்தார். 'மேற்படி முகவரியில் பத்து ஆண்டுகளாக வசிக்கிறார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மீட்டர்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார்.

மீட்டர்காரருக்கு உயிர் வந்தது. "அப்போ உள்ளூர்ல எங்களுக்கு ஒரு சீட்டு உண்டுதானே மேடம்?"

"உள்ளூர் இடமெல்லாம் போன வாரமே நிரம்பிடுச்சு சார்."

"அப்புறம் எதுக்குங்க விசாரிக்க வந்தீங்க?"

அலுவலர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"உங்க பொண்ணு தனியா ஒரு விண்ணப்பம் போட்டிருக்கா, வெளி மாநிலப் பட்டியல்ல முதல் பேரே அவளோடதுதான்; அதே பேர்ல உள்ளூர்லயும் ஒண்ணு வந்துடுச்சேன்னு, 'இந்த வீட்ல அப்படி யாரும் இல்லை'ன்னு எழுதி அந்த வெளி மாநில சீட்டை அவளுக்குக் குடுக்கத்தான் நான் வந்தேன்."