கொக்கிக்கு எண்ணெய் போட்ட கதை

கோபக்காரனுக்கு அரைகுறைப் படிப்பும் சேர்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து. யாரையும் குத்திக்காட்டவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேலை. தோட்டத்தில் புதிதாகப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். (பள்ளிக்கூடம் என்றால் தகரக் கொட்டகை.) பதுளையில் நாலெழுத்து படித்தவன் என்று என்னை அங்கே தற்காலிகமாக நிறுத்தினார்கள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை ஒருநாள் வந்து பாடத்தைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் நான் வாத்தியார், பிடிக்காவிட்டால் மறுபடியும் தராசு. தராசுக்குத் திரும்பினால், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் தலைகாட்ட முடியாது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு விஞ்ஞானப் புத்தகம். "ஓடும் பொருள், வேறொரு விசை தடுக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்." இதைப் பிள்ளைகளை உருப்போட வைத்தேன். யாராவது "ஏன்?" என்று கேட்டால் நாற்பது பேரும் ஒரே குரலில் இதைச் சொல்ல வேண்டும்.

அது போதாதென்று உராய்வையும் காட்ட ஆசைப்பட்டேன். கொட்டகைக்குப் பக்கத்தில்தான் கொழுந்துக் கம்பி வந்து முடியும். மலை உச்சியில் கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டி விட்டால், சாய்ந்த கம்பியில் வழுக்கிக்கொண்டு கீழே வரும். கீழே சாக்கை இறக்குவது முத்தம்மா. என் வயதுதான், வாய் மட்டும் என் அப்பனுக்கு மூத்தது.

என் திட்டம் சுலபமானது. முதல் சாக்கு சும்மா வரும். இரண்டாவது சாக்கின் கொக்கிக்குத் தேங்காயெண்ணெய் தடவி அனுப்புவது. உராய்வு எவ்வளவு வேகத்தைத் தின்கிறது என்று துரை கண்ணாலேயே பார்ப்பார்.

"வாத்தியாரே, எண்ணெய் போடாதீங்க" என்றாள் முத்தம்மா. "மழை நாள்ல கம்பி நனைஞ்சாலே பாதிச் சாக்குதான் விடுவோம். நீங்க முழுச் சாக்குல்ல மாட்டச் சொல்லியிருக்கீங்க."

"உராய்வுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"அது பேரு தெரியாது. அது இல்லாட்டி சாக்கு எங்க மூஞ்சியில வந்து விழும், அது தெரியும்."

"வாய மூடிக்கிட்டுத் தள்ளி நில்லு."

அவள் தள்ளி நின்றாள். பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வெகுதூரம் தள்ளி நின்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

துரை குதிரையில் வந்து இறங்காமலேயே பாடம் கேட்டார். முதல் சாக்கு ஆடி அசைந்து வந்தது. தலையை ஆட்டினார். வெள்ளைத் துணியை வீசி இரண்டாவது சாக்குக்குச் சைகை காட்டினேன்.

அது வந்ததை நான் பார்க்கவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. கம்பத்தில் மோதிச் சாக்கு வெடித்தது. நாலு திசையும் பச்சைக் கொழுந்து. குதிரை மிரண்டு பாய்ந்து, எதிரே மழைத்தண்ணீர் ஓடும் கானைக் கண்டு சட்டென்று நின்றது. துரை நிற்கவில்லை. குதிரையின் தலைக்கு மேலாகப் போய்க் கானுக்குள் இறங்கினார்.

சேறு வழிய எழுந்து, தொப்பியைத் தேடிக்கொண்டே கேட்டார்: "ஏன்? இது ஏன்?"

என் நாற்பது பிள்ளைகளும் கைகட்டி நின்று ஒரே குரலில் ஒப்பித்தார்கள்: "ஓடும் பொருள், வேறொரு விசை தடுக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும், தொரைங்களே."

துரை கானையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புள்ளைக்கு பாடம் தெரியும்" என்றார். "வாத்திக்கு தெரியாது. ஒரு மாசம் கம்பியடியில் வேலை. இந்தப் பொம்பளை சொல்லிக் குடுக்கும். அப்புறம் ஸ்கூல்."

வேலை தப்பியது. மானம் தப்பவில்லை. ஒரு மாதம் முத்தம்மாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே, வேகமாக வரும் சாக்கு மோதாமலிருக்க எந்த இடத்தில் எத்தனை புல்லுக்கட்டு போடுவது என்று கற்றேன். அந்த மாதம் வேறு என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். முப்பத்தைந்து வருஷமாக அவள்தான் என் வீட்டுக்காரி.

இன்றைக்கும் யாரையாவது திட்டுவதற்கு நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தால், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "பிள்ளைகளா, தாத்தா எண்ணெய் போட்டுக்கிட்டு வர்றாரு. புல்லுக்கட்ட எடுத்துப் போடுங்க."

பேரப்பிள்ளைகள் வீட்டிலுள்ள தலையணைகளையெல்லாம் வாசற்படியில் குவித்துவிடுகின்றன. அவற்றைத் தாண்டி நான் வெளியே போவதற்குள், திட்டு வாங்க வேண்டியவன் தெருமுனையைக் கடந்திருப்பான்.